பெண்பள்ளியும் அதன் அயல்மனையும்

மதுரை நகரைச் சுற்றிலும், வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே தனித்தனியாக எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளில், கிறிஸ்து பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே சமண முனிவர்கள் வந்து தங்கினர் என்பதும், அவர்கள் பொருட்டுக் குகைத் தளங்களில் வழவழப்பான கற்படுக்கைகள் செதுக்கப்பட்டன என்பதும், மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் காடி வெட்டப்பட்டது என்பதும் சரித்திரப் பிரியர் யாவரும் அறிந்த செய்திகளே. மாங்குளத்துக் குன்றில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயரையும், கணிநந்தன் என்னும் முனிவரின் பெயரையும் தாங்கி நிற்கும் பிராமி எழுத்துக்களை ராபர்ட் சிவெல் 1882-இல் கண்டறிந்தது முதல், இக்குன்றுகளைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு சிறு நூலகத்தையே நிரப்பும். அவற்றுள் பெரும்பாலானவை துறவிகள் என்ற சொல்லை ஆடவரைக் குறிப்பதாகவே வைத்துக்கொண்டு மேற்செல்கின்றன. பெண் துறவியர் இந்நாட்டில் இருந்தனர், கற்பித்தனர், மாணாக்கரைப் பெற்றனர், சிலைகள் செய்வித்தனர் என்பதற்குச் சாசனப் பிரமாணங்கள் உள்ளனவாகையால், அவர்கள் எங்கே வசித்தார்கள், அவர்களுடைய இல்லம் என்னவாயிற்று என்னும் வினாவை இனியும் தள்ளிப்போடுவதற்கில்லை.

ஐரோப்பாவில் இதே வினாவுக்கு விடை காண்பது எளிது. ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையில் காட்ஸ்டோ என்னும் இடத்தில், பெனடிக்ட் முனிவரின் ஒழுக்க விதியைத் தழுவிய கன்னியர் மடம் ஒன்று 12-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. எட்டாம் ஹென்றி மன்னன் தன் நாட்டு மடங்களை எல்லாம் கலைத்தபோது, 1539-இல் அதுவும் கலைக்கப்பட்டு, மன்னனின் வைத்தியரான ஜார்ஜ் ஓவன் என்பவரின் கைக்கு வந்து, மாளிகையாக மாற்றப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் அம்மாளிகையும் சிதைந்தது. இன்று அங்கே நிற்கும் சுவர்களைப் பார்ப்பவன், மடம் எது, மாளிகை எது என்று பிரித்துணர முடியாவிட்டாலும், இரண்டும் அடுத்தடுத்து ஒரே கல்லில் வாழ்ந்தன என்பதைக் கண்ணால் காண்கிறான். அரசாணையால் ஒரே நாளில் மூடப்பட்ட இல்லத்துக்குக் கணக்கு உண்டு, பட்டியல் உண்டு, பத்திரம் உண்டு. நம் நாட்டில் பெண் துறவியர் வாழ்ந்த பெண்பள்ளிகளை எவரும் ஆணையிட்டு மூடவில்லை. ஆதரவு குன்றக் குன்ற அவை தாமாகவே மறைந்தன. ஆகவே அவற்றின் முடிவைச் சொல்லும் ஏடு ஒன்றும் இல்லை. அவற்றின் வாழ்வைச் சொல்லும் கல்வெட்டுக்கள் மட்டும், ஒன்றுக்கொன்று தொலைவில், சிதறிக் கிடக்கின்றன.

அவற்றுள் காலத்தால் மிகப் பழையது மதுரைக்கு வடக்கே அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டிக் குகையில் உள்ளது. இக்குகையின் சிறப்பே, அதன் படுக்கைகளைச் செய்வித்தவர்கள் தங்கள் தொழிலைச் சொல்லிக்கொள்வதுதான்: மதுரையிலிருந்து வந்த பொற்கொல்லன், உப்பு வாணிகன், கருப்பஞ்சாற்றுப் பாகு விற்பவன், கலப்பைக் கொழு விற்பவன், அறுவை வாணிகன் என்று ஒரு கடைத்தெருவே பாறையில் வரிசையாக நிற்கிறது. இவர்களுக்கிடையே சபமிதா என்று ஒரு பெயரும் காணப்படுகிறது. பிராமிக் கல்வெட்டுக்களை ஆயுள் முழுதும் ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் அவர்கள், அப்பெயரை அடுத்துவரும் சொல்லைப் பெண் துறவியைக் குறிக்கும் பிராகிருதச் சொல்லின் திரிபாகக் கொண்டார். அக்கருத்து சரியென்றால், மதுரைச் சமவெளியில் பெயர் தெரிந்த முதல் பெண் துறவி இவரே. ஆயினும், ஒரு பெயர் குகையில் பொறிக்கப்பட்டிருப்பதால் அப்பெயருடையவர் அக்குகையில் உறங்கினார் என்று கொள்ளலாகாது. உப்பு வாணிகனின் பெயரும் அங்கேதான் இருக்கிறது, அவன் மதுரையில் தன் வீட்டில்தான் உறங்கியிருப்பான்.

சாசனத்தை விட்டுக் காவியத்துக்குத் திரும்பினால் சித்திரம் சற்றே தெளிவடைகிறது. சிலப்பதிகாரத்தின் சமணப் பெண் துறவி கவுந்தியடிகளை நாம் வழித்துணையாகவே நினைவில் வைத்திருக்கிறோம்; தோளில் உறியும் கையில் பீலியும் ஏந்திப் புகாரிலிருந்து மதுரை வரை நடந்த அந்த மூதாட்டி, நகரை அடைந்ததும் செய்த காரியம்தான் நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது. மதிலுக்கு வெளியே, துறவோர் உறையும் புறஞ்சேரியில் தங்கிய அடிகள், கண்ணகியையும் கோவலனையும் அங்கேயே வைத்துக்கொள்ளவில்லை. இல்லறத்தார் துறவோர் இருக்கையில் தங்குதல் முறையன்று என்பது அவருடைய கருத்து. இயக்கி என்னும் பெண் தெய்வத்துக்குப் பாற்சோறு படைத்துவிட்டு அவ்வழியே திரும்பிக்கொண்டிருந்த ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார். மாதரியோ செம்மண் பூசிய, பந்தலிட்ட, காவலுள்ள ஒரு சிறு மனையை அவர்களுக்கென்று ஒழித்துக் கொடுத்து, கோவலன் சமண சிராவகரின் நோன்புடையவன் என்பதால், பகற்பொழுதிலேயே சமைத்து உண்பதற்கேற்ற புதுக்கலங்களையும், சாலியரிசியையும், பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி ஆகியவற்றையும் தருவிக்கிறாள்.

காவியம் சாசனம் ஆகாது. இளங்கோவடிகள் காய்கறிப் பட்டியல் எழுதியது சரித்திரக்காரனின் வசதிக்காகவும் அன்று. எனினும், துறவியர் இருக்கையும் அதை ஒட்டிய இல்லறத்தார் மனையும் மதுரையின் மதிலுக்கு வெளியே எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நின்றன என்பதைக் கவி தாம் அறிந்த உலகத்திலிருந்தே எழுதியிருக்க வேண்டும். துறவி நெருப்பு மூட்டுவதில்லை. அவருக்குச் சோறு இடும் மனை நடந்துபோகும் தூரத்தில் இருந்தாக வேண்டும். அந்த மனையில் உள்ளவர்களுக்கு இயக்கி வழிபாடு இருந்தது, பால் இருந்தது, பிறருக்கு ஒழித்துக் கொடுக்க இடம் இருந்தது. ஐரோப்பாவில் மடம் அழிந்த பின்னரே மாளிகை எழுந்தது. இங்கே மனை முதலிலேயே இருந்தது. அது இல்லாமல் பள்ளி ஒரு நாளும் நடந்திராது.

மதுரைக் காஞ்சியில் மாங்குடி மருதனார் வருணிக்கும் சமணப் பள்ளி, செம்பினால் செய்தாற்போன்ற சுவர்களையும் பூஞ்சோலைகளையும் உடையதாய், நகர வாழ்வின் நடுவே இடம்பெறுகிறது. மலைக்குகைகளை மட்டுமே கண்டு பழகிய நமக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை. சமணர் கட்டடங்களிலும் வாழ்ந்தனர். குகை நிலைத்தது, கட்டடம் நிலைக்கவில்லை. ஆகவே குகையை மட்டுமே அவர்களுடைய வாழிடமாக நாம் கருதிவிட்டோம்.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு எழுந்தருளியதும், மங்கையர்க்கரசியாரின் முயற்சியால் பாண்டியன் சைவம் தழுவியதும், அதன் பின் சமணர் கழுவேறினர் என்று சைவ மரபு சொல்வதும் பலமுறை எழுதப்பட்ட விஷயங்களாகையால் இங்கே விரிக்கவில்லை. ஆனால் அந்த விருத்தாந்தத்தோடு சமண சரித்திரத்தையே முடித்துவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. மதுரைக் குன்றுகளில் நாம் இன்று காணும் தீர்த்தங்கரர் சிற்பங்களில் பெரும்பாலானவை அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்டவை என்பதை அவ்வழக்கம் மறைத்துவிடுகிறது. குரத்தியார் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் மிகுதியாகக் கிடைப்பதும் அந்தக் காலத்திலேதான்.

நகருக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்த கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலையைச் சற்று நின்று பார்ப்போம். அடிவாரத்தில் ஆலமரமும், தாமரைக் குளமும், கருப்பசாமி கோயிலும் உள்ளன. தென்மேற்குச் சரிவில் உள்ள குகையை ஊரார் செட்டிப்பொடவு என்பர். அதன் வாயிலருகே முக்குடையின் கீழ் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரைச் செட்டியார் ஒருவர் என்று எண்ணியதால் வந்த பெயர். குகையின் உள்ளே, குனிந்து சென்று மேலே நோக்கினால், விதானத்தில் ஐந்து சிற்பங்கள் தெரியும். நடுவே மூன்று தீர்த்தங்கரர். ஒரு கோடியில் சிங்கத்தின் மேல் ஏறி, யானைமீது வரும் பகைவனோடு பொருதும் இயக்கி. மறு கோடியில் அமைதியாக அமர்ந்திருக்கும் மற்றோர் இயக்கி. மூன்று ஆண் தெய்வங்களுக்கு இருமருங்கும் இரண்டு பெண் தெய்வங்கள் என்ற அந்த அமைப்பு, இம்மதத்தின் அன்றாட வழிபாட்டில் இயக்கியருக்கு இருந்த இடத்தைக் காட்டுகிறது. இங்குள்ள சாசனம், அமிர்தபராக்கிரம நல்லூராகிய குயிற்குடி ஊராரைக் குறிப்பிடுகிறது. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் ஊர் தன் பழம்பெயரிலேயே இருக்கிறது.

மலையின் மறுபுறத்தில், பேச்சிப்பள்ளம் என்னும் சுனையின் மேலுள்ள பாறைச் சுவரில் எட்டுத் திருமேனிகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றின் அடியிலும் வட்டெழுத்தில், அதைச் செய்வித்தவர் பெயர். அவற்றுள் ஒன்று அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது. அச்சணந்தி, மதுரையிலும் அதைச் சூழ்ந்த பல குன்றுகளிலும் சிற்பங்கள் செய்வித்த பெரும் ஆசாரியர். அவருடைய அன்னை இல்லறத்தாரோ, துறவு பூண்டவரோ, சாசனம் அதைச் சொல்லவில்லை. குரத்தி என்னும் பட்டம் அவருக்கு இல்லாமையால் இல்லறத்தவராகவே இருந்திருக்கலாம் என்பது என் அனுமானம். மகன் துறந்து போன பின்னும் அவனுடைய பெயராலேயே தன்னைக் குறித்துக்கொண்டு, அவன் சமயத்துக்கே பொருள் தந்த தாயின் மனையும் பள்ளியின் அயல்மனைகளுள் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

இதே மலையில், பேச்சிப்பள்ளத்துக்கு மேலே, கட்டடம் ஒன்றின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மாதேவிப் பெரும்பள்ளி என்பது அதன் பெயர். 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் பராந்தக வீரநாராயணன் தன் தேவி வானவன் மாதேவியின் பெயரால் அதை எடுப்பித்தான். மங்கையர்க்கரசியார் சமணத்தை மதுரையிலிருந்து அகற்றினார் என்று புகழப்படும் அதே பாண்டியர் குலத்தில், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மற்றோர் அரசியின் பெயரைச் சமணப் பள்ளி தாங்கி நின்றது. அரசியின் பெயரைத் தாங்கியதாலேயே அது பெண்துறவியர்க்குரிய பள்ளி என்று கொள்வதற்கில்லை. அவ்வாறு எழுத ஆசை உண்டாகும், அந்த ஆசையை அடக்கவேண்டும். அம்மலைச் சாசனங்களில் வரும் துறவியர், குறண்டித் திருக்காட்டாம்பள்ளி மரபைச் சேர்ந்த குணசேனர் முதலிய ஆடவரே. மலைமேல் ஆடவர், அப்படியானால் பெண்டிர்?

விடையின் திறவுகோல் மதுரையில் இல்லை, தொண்டை நாட்டில் இருக்கிறது. ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில், மதிரைகொண்ட (மதுரையை வென்ற) கோப்பரகேசரியாகிய முதற் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 945-ஐ ஒட்டி, பட்டினிக் குரத்தியடிகள் என்னும் பெண் ஆசிரியர் ஒரு கிணறு தோண்டுவித்தார். அவர் திருப்பான்மலை அரிட்டநேமிப் படாரரின் மாணாக்கியார். கிணறு அமைந்த அவ்விடம் பெண்பள்ளியாக ஆக்கப்பட்டு, இருபத்து நால்வர் என்ற ஊர்க்குழுவின் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. பெண்பள்ளி என்ற பெயரையே சாசனம் ஆளுகிறது. ஆகவே ஐயத்துக்கு இடமில்லை. கவனிக்க வேண்டியது, ஆசிரியர் திருப்பான்மலைக்காரர், மாணாக்கியின் பள்ளியோ சமவெளியில் உள்ள விளாப்பாக்கத்தில் இருந்தது என்பதே. மலைக்குச் சுனை உண்டு. கிணறு தோண்டுவது தரையில் குடியிருப்பவர்களுடைய காரியம். பெண் துறவியரின் இல்லம் ஊருக்குள், நீர் இறைக்கும் இடத்துக்கு அருகில், ஊர்ச்சபையின் கண்பார்வையில், மற்ற வீடுகளைப் போன்ற ஒரு வீடாகவே இருந்திருக்க வேண்டும்.

அச்சாசனத்தைத் தொடங்கும் பட்டப்பெயரே மதுரையின் வீழ்ச்சியைச் சொல்கிறது என்பதையும் குறிக்காமல் விட மனமில்லை. முதற் பராந்தக சோழன் மதுரையை வென்று ஓட்டிய இராசசிம்ம பாண்டியன், மேலே சொன்ன வானவன் மாதேவியின் மகன். முதலில் ஈழத்துக்கும், பின்னர்த் தாயின் பிறந்த நாடாகிய கேரளத்துக்கும் ஓடியவன். மதுரையில் அரசியின் பெயரால் நின்ற பள்ளி தன் புரவலர்களை இழந்த சில பதிற்றாண்டுகளுக்குள், வென்றவனின் ராஜ்யத்தில் பெண்பள்ளி ஒன்று புதிதாகத் தோன்றியிருக்கிறது.

விளாப்பாக்கத்துக்கு அறுபது ஆண்டுகள் முற்பட்ட செய்தி ஒன்று வந்தவாசியை அடுத்த வேடலில், பழம் பெயரால் விடாலில், கிடைக்கிறது. முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அச்சாசனம், குணகீர்த்திப் படாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியாருக்கும் அவர்வழி மாணாக்கியர் 500 பேருக்கும், மற்றொரு சாரார் ஆகிய துறவியர் 400 பேருக்கும் இடையே ஒவ்வாமை நேர்ந்ததைச் சொல்லி, குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் தாங்களே காத்து ஊட்டுவதாக ஊரார் ஒப்புக்கொண்டதைப் பதிவு செய்கிறது. சண்டையின் காரணம் என்னவென்று சாசனம் கூறவில்லை. எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டாலும், ஒரு பெண்ணின் தலைமையில் நூற்றுக்கணக்கான பெண்கள் கற்று வாழ்ந்த ஒரு ஸ்தாபனம் அங்கே இருந்தது என்பதும், அதற்கு அயல்மனையாக ஓர் ஊரே நின்றது என்பதும் ஐயத்துக்கு இடமில்லாதவை. காவியத்தில் மாதரி தனியொருத்தியாகச் செய்ததை, விடாலில் ஊரார் எழுத்தில் வைத்துச் செய்தனர்.

மறுபடியும் பாண்டிய நாட்டுக்கு வருவோம். மதுரைக்குத் தெற்கே, கோவிற்பட்டியை அடுத்த கழுகுமலையில் ஏறக்குறைய நூறு வட்டெழுத்துச் சாசனங்கள் தீர்த்தங்கரர் சிற்பங்களின் அடியில் உள்ளன. தச்சரும், குயவரும், கொல்லரும், குடியானவரும் சிலை செய்வித்த அந்தப் பாறையில், குரத்தியார் பலர் ஆடவர்க்குச் சமமாக நிற்கின்றனர்: மிழலூர்க் குரத்தியார், நால்கூர்க் குரத்தியார், சிறுபொலால் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார், கூடற் குரத்தியார். மம்மைக் குரத்தியாரின் மாணாக்கியார் அரிட்டநேமிக் குரத்தியார் என்று, பெண்ணிடம் பெண் கற்ற பரம்பரையும் காணப்படுகிறது; ஆண் துறவியும் குரத்தியைக் குருவாகக் கொண்டதற்கும் அங்கே சான்று உண்டு.

இந்தப் பெயர்களை வரிசையாகப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. பெரும்பாலான குரத்தியார் ஊர்ப்பெயரால் அறியப்படுகின்றனர். கழுகுமலையில் வசிப்பவருக்கு இந்த அடைமொழி தேவையில்லை. வெளியூரில் நிலையான இருக்கை உடையவர்க்கே அது தேவை. அவர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிகளிலிருந்து மலைக்கு யாத்திரையாக வந்து, ஒரு திருமேனி செய்வித்துத் திரும்பியவர்கள் என்று கொள்வதே பொருத்தம். அவ்வாறாயின் கூடற் குரத்தியார் யார்? கூடல் என்னும் பெயருடைய சிற்றூர்கள் வேறும் உண்டு. ஆயினும் பாண்டிய நாட்டில் எந்த விளக்கமும் இன்றிக் கூடல் என்றால் மதுரையையே கருதுவது இயல்பாகையால், மதுரையில் ஒரு பெண்பள்ளி இருந்தது என்று கொள்வதே நேரான வழி என்று நினைக்கிறேன்.

திகம்பர சம்பிரதாயத்தின்படி பெண், பெண் உடலோடு வீடுபேறு அடைய முடியாது. ஆணாகப் பிறந்த பின்னரே அது கூடும். அப்படிப்பட்ட கொள்கையுடையாரிடையே குரத்தியர்க்கு இவ்வளவு உயர்ந்த ஸ்தானம் எவ்வாறு கிட்டியது என்று வியந்த பி.பி. தேசாய் அவர்கள், 1957-இல் வெளிவந்த தம் நூலில், பெண்ணுக்கும் வீடு உண்டு என்று வாதித்த யாபனீய சங்கத்தின் செல்வாக்கே காரணம் என்று கருதினார். கவர்ச்சியான கருத்துதான். ஆனால் மேற்கூறிய சாசனங்களில் அச்சங்கத்தின் பெயர் வரவில்லை. சித்தாந்தம் மறுப்பதை நடைமுறை வழங்குவது நம் நாட்டில் புதிதும் அன்று. வீடுபேற்றைப் பற்றிய வாதம் பண்டிதர்களுடையது, ஐந்நூறு பெண்களுக்கு எழுத்தும் ஒழுக்கமும் கற்பித்த ஆசிரியையைக் காப்பாற்றுவது ஊராருடையது. விடால் ஊரார் ஸ்திரீ நிர்வாணத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த இல்லங்கள் எவ்வாறு அழிந்தன? சமண ஸ்தலங்கள் கைமாறிய வழிகள் சில நமக்குத் தெரியும். குணந்தாங்கிக் குரத்திகள் ஆய் வேந்தன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ஆம் ஆண்டில் பொன் அணி அளித்த திருச்சாரணத்துப் படாரியார், இன்று சிதறால் மலையில் பகவதியாக வழிபடப்படுகிறாள். குறண்டித் திருக்காட்டாம்பள்ளி அடியோடு மறைந்தது. அதன் சாசனக் கற்கள் திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துச் சிவாலயத்தின் சுவரில் உள்ளன. கல்லாக இருந்தது வேறு கோயிலுக்குப் போயிற்று, தெய்வமாக இருந்தது வேறு பெயர் பெற்றது. செங்கல்லும் மரமும் ஓலையுமாக இருந்த பெண்பள்ளிக்கு இந்த இரண்டு கதியும் இல்லை. துறவியர் குறைந்த பின் அது ஒரு வீடாயிற்று. வீடு இடிந்தபின் அந்த மனையில் வேறொரு வீடு எழுந்தது. காட்ஸ்டோவில் மடத்தை விழுங்கிய மாளிகை இடிந்தும் நிற்கிறது. இங்கே அயல்மனை பள்ளியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, தன் குடித்தனத்தைத் தொடர்ந்தது.

ஆகவே, மதுரைப் பெண்பள்ளியைத் தேட விரும்புவோர் குன்றுகளை அண்ணாந்து பார்ப்பதைச் சிறிது காலம் நிறுத்திவைத்துக் கீழே பார்க்கலாம். சமவெளியில் செங்கல் கட்டடம் மிஞ்சாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம்; நகருக்குத் தென்கிழக்கே கீழடியில் தென்னந்தோப்பின் அடியில், 2015-இல் தொடங்கிய அகழாய்வு, செங்கற் சுவர்களையும் உறைகிணறுகளையும் வெளிக்கொணர்ந்து அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. குயில்குடிக் குடியிருப்புகளைச் சுற்றியுள்ள மேடுகளும், குறண்டி வட்டாரத்துப் புன்செய் நிலங்களும், வைகைக் கரையில் பழைய மதிலுக்கு வெளியே இருந்த புறஞ்சேரிப் பகுதியும் இன்னும் அந்தக் கண்ணோட்டத்தோடு தோண்டப்படவில்லை. விளாப்பாக்கத்துச் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டால், அங்கெல்லாம் முதலில் தேடவேண்டியது கிணற்றைத்தான்.